போட்டு வாறன் என்பதன் கருத்து

எங்கள் ஊரில் விசா என்ற சொல்லுக்குத் தனியான ஒரு கருத்து உண்டு. மற்றவர்களுக்கு அது ஒரு நாட்டுக்குப் போவதற்காக எடுப்பது. எங்களுக்கு அது போன பிறகு அங்கே இருப்பதற்காகக் கிடைப்பது. போவதற்கு எடுத்தவர்கள் எங்களில் குறைவு. ஆகவே நாரந்தனையில் ஒருவர் இன்னொருவரிடம், "தம்பிக்கு விசா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டால், தம்பி என்று சொல்லப்படும் அந்த மகன் அங்கே போய்ச் சேர்ந்து பல காலம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். ஆட்கள் இருப்பது ஆறில். அந்த ஆறு வீட்டிலும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். பூட்டிக்கிடக்கும் ஐந்தின் சொந்தக்காரர் தொலைபேசியில் கேட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். குளிசைகளை ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணிய கை. வேலை முடிந்த பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லாதபடியால் கண்ணில் பட்டதை எண்ணத் தொடங்கினேன். வேலியில் நிற்கும் கிளுவை, பஸ்ஸில் இருக்கும் ஆட்கள், யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் போகும்போது கடலுக்குள் நிற்கும் தடிகள். மனைவி இதை மருந்தில்லாத ஒரு வருத்தம் என்றே முடிவு செய்துவிட்டாள்.

"எண்ணி என்ன காணப் போறியள்? எண்ணினாப்போல கூடுமோ?"

"கூடுறதுக்கு எண்ணேல்லை. குறையாமல் கிடக்குதோ எண்டு பாக்கிறன்."

"குறைஞ்சா என்ன செய்வியள்?"

எங்களுக்கு இருப்பது ஒரு மகன். அவன் இருக்கும் நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஐரோப்பாவில் ஒரு நாடு என்பது போதும். அங்கே அவன் விசா இல்லாமல் இருந்தவன். அவனுடைய மனைவியும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

அவன் வெளிக்கிட்டது சண்டை முடிந்த பிறகு. முடிந்ததுதானே என்று நாங்கள் நினைத்திருந்தபோது ஒருநாள் சிலர் வந்து அவனை விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வருவதற்கு முன் அவன் போய்விட்டான். தோளில் ஒரு பை. கொழும்புக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் மாதிரி மடிப்புக் கலையாத சேட்டு. வாசற் படலையில் நின்று, "போட்டு வாறன் அப்பா" என்றான். "ஓம், கவனமாப் போட்டு வா" என்றேன். தாய் குசினிக்குள் நின்றாள். அவளிடம் முதலே சொல்லிவிட்டான் போலும். வேறு எதுவும் பேசவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி நான் அப்போது யோசிக்கவும் இல்லை. எங்கள் ஆட்களில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. சின்னப் பிள்ளை தவறிச் சொன்னாலும் திருத்திவிடுவோம்.

அவன் அங்கே போய் அகதியாக ஏற்கும்படி கேட்டான். அதைக் கேஸ் போடுவது என்பார்கள். அவனை இருத்தி விசாரித்தார்கள். பிறகு ஏற்க முடியாது என்று கேஸை அடித்துப்போட்டார்கள். ஏன் என்பதை அவன் எங்களுக்கு நெடுநாள் சொல்லவில்லை. ஒருநாள் நான் தொலைபேசியில் தொண தொணவென்று கேட்டபோது சிரித்துக்கொண்டு சொன்னான்.

"வெளிக்கிடேக்க தேப்பனுக்கு என்ன சொன்னனீர் எண்டு கேட்டாங்கள் அப்பா. போட்டு வாறன் எண்டு சொன்னனான் எண்டன். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிசன். அவர் என்னைப் பாத்து, 'என்னத்தப் போட்டுட்டு வர்றேன்னு சொன்னீங்க?' எண்டு கேக்கிறார்."

"பிறகு?"

"ஒண்டையும் போடேல்லை அண்ணை, போய்விட்டு வருகிறேன் எண்டதைத்தான் நாங்கள் அப்பிடிச் சொல்லிறது எண்டு வாத்தியார் மாதிரி விளங்கப்படுத்தினன். அவர் அதைச் சொல்லுக்குச் சொல் சரியாப் பெயர்த்துக் குடுத்திட்டார்."

அவர்கள் அனுப்பிய முடிவில் ஒரு வசனம் இருந்தது. அதை அவன் தமிழில் சொன்னான். விண்ணப்பதாரர் புறப்படும்போதே திரும்பி வருவதாகத் தந்தைக்கு உறுதியளித்திருக்கிறார். ஆகவே சொந்த நாட்டில் அவருக்கு அச்சம் இருந்ததாகக் கொள்ள முடியாது. வேறு காரணங்களும் எழுதியிருந்தார்கள். ஆனால் எனக்குள் நின்றது அந்த வசனம்தான். பஸ்ஸில் போகும்போதும் குளிக்கும்போதும் அதை மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லி, அந்த அதிகாரியோடு வாதாடுவேன். என் வாதம் ஒவ்வொரு முறையும் வெல்லும். கிணற்றடியில் கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நாட்டைவிட்டு வெளியேறும்படி கடிதம் வந்த பிறகும் அவன் அங்கேயே இருந்தான். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், வேறு யாரோ ஒருவரின் பெயரில் வேலை. ரயில் நிலையத்தில் பொலிஸ் நின்றால் அடுத்த நிலையத்துக்கு நடப்பான். அந்த நாட்டிலே வீதியைப் பிழையாகக் கடக்காத ஒரே மனிதன் தான்தான் என்று பகிடியாகச் சொல்வான். செவ்வாய்க்கிழமைகளில் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கிரமமாகக் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போடப் போனவர்களில் சிலரை அங்கேயே மறித்து, வாகனத்தில் ஏற்றி, விமானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நானும் மனைவியும் தொலைபேசியைப் பார்த்தபடி இருப்போம். "வந்திட்டன்" என்று ஒரு சொல் வரும். அலுவலகத்துக்கு வெளியே வந்துவிட்டேன் என்பது அதன் கருத்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் மனைவி மத்தியானச் சோற்றைப் போடுவாள்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒருவனை அப்படி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினானாம். நாங்களும் போய்ப் பார்த்தோம். முற்றத்தில் போட்டிருந்த பதினாறு கதிரையும் நிரம்பி, மிச்சப் பேர் மாமரத்தடியில் நின்றார்கள். நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒருவர், "அங்க குளிர் எப்பிடி?" என்று கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "குளிர்தான்" என்றான். அவனுடைய தாய் ஓடி ஓடித் தேத்தண்ணி கொடுத்தா. மகன் தலைகுனிந்து இருக்கிறான், தாயின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: "அவ குடுத்துவைச்சவ."

"விசர்க் கதை கதையாதையும். அந்தப் பெடியன் இருக்கிற இருப்பைப் பாத்தனீரோ?"

"பாத்தனான். தாய்க்குப் பக்கத்திலதான் இருக்கிறான்."

நான் அவளோடு ஏறி விழுந்தேன். அந்தப் பிள்ளையின் படிப்பு, கடன், இனி அவனை யார் விசாரிப்பார்களோ என்ற பயம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவள் காது கொடுக்காமல் முன்னே நடந்தாள். எனக்கும் அதே நினைப்பு வந்ததை அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அவ்வளவு கத்தினேன்.

ஆனி மாதம் வந்தால் இந்த நினைப்பு இன்னும் மோசமாகும். நயினாதீவுத் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வருவார்கள். விசா உள்ளவர்கள். அங்கே படகு ஏறுவதற்குக் குறிகட்டுவானுக்குப் போகும் வான்கள் எங்கள் சந்தியால்தான் திரும்பும். முன்னர் நான் சந்திக் கடைக்கு வெளியே நின்று வான்களை எண்ணுவேன். கண்ணாடிக்குள் இருந்து பிள்ளைகள் எங்களைப் படம் எடுப்பார்கள். கோயில் முடிந்து திரும்பும்போது சாட்டியில் இறங்கிக் கடலில் விளையாடுவார்கள். ஒருமுறை அப்படி வந்த என் பழைய கூட்டாளி ஒருவர் வானை நிறுத்தி, தன் மகனை இறக்கி, என் முன்னால் நிறுத்தினார்.

"அண்ணை, இவன் மூத்தவன். உங்கட தம்பியோட படிச்சவன். தம்பி இந்த முறையும் வரேல்லையோ?"

"லீவு கிடைக்கேல்லை."

"உங்கட தம்பிக்கு ஒவ்வொரு வருசமும் லீவு கிடைக்குதில்லை. நாட்டின்ர பிரதமரோ அவர்?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஆனி மாதத்தில் சந்திக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். சாமான் வேண்டுமென்றால் பின்ஒழுங்கையால் சுற்றி வேறு கடைக்குப் போவேன்.

புதுச் சட்டம் பற்றி மகன் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே அரசாங்கம் மாறியிருந்தது. நீண்ட காலமாகப் பதிவில்லாமல் இருப்பவர்களில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ளவர்கள், குற்றம் எதிலும் அகப்படாதவர்கள், தங்கள் பழைய கேஸைத் திரும்பப் பார்க்கும்படி கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். பார்த்து முடியும்வரை திருப்பி அனுப்பமாட்டார்கள். இப்படி அறிவித்து, பிறகு தேர்தல் வந்து, ஒன்றும் நடக்காமல் போனதை முன்னரும் கேட்டிருந்தேன். ஆகவே நான் மகிழ்ச்சி எதையும் காட்டவில்லை.

"எத்தினை பேர் கேப்பினம்? எத்தினை பேருக்குக் குடுப்பினம்?" என்றேன்.

"எனக்கு எப்பிடி அப்பா தெரியும்? உங்களுக்கு எல்லாத்துக்கும் எண்ணிக்கை வேணும்."

"சும்மா கேட்டனான்."

"அப்பா, ஒரு விசயம். வக்கீல் சொல்லிறா, பழைய முடிவில கிடக்கிற அந்த வசனம் இப்பவும் இடைஞ்சலாம். ஆருக்கு அந்தச் சொல்லைச் சொன்னதோ அவர் வந்து விளங்கப்படுத்தினால் நல்லதாம். நீங்கள் போனில வந்து கதைப்பியளோ?"

கிணற்றடியில் வென்ற வழக்கு உண்மையான மன்றுக்கு வந்துவிட்டது. ஓம் என்றேன். அன்று முதல் எனக்கு நித்திரை சரியில்லை.

வழக்கறிஞர் அம்மா முதலில் என்னோடு தனியாகக் கதைத்தா. மொழிபெயர்க்க எங்கள் பக்கத்துத் தமிழ் கதைக்கும் ஓர் இளம் பெண்ணை ஒழுங்கு செய்திருந்தா. உண்மையை மட்டும் சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள் என்பது அவ சொன்ன புத்திமதி. மனைவியும் அதையே சொன்னாள், வேறு விதமாக.

"உங்கட வாய் ஒரு இடத்தில நிக்காது. ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. பிறகு மூடிக்கொண்டு இருங்கோ."

விசாரணை எங்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகு. எங்கள் வீட்டில் தொலைபேசிக்கு நல்ல சிக்னல் கிடைப்பது குசினி வாசலோடு. அங்கே ஒரு கதிரையைப் போட்டு, அதன் மேல் அரிசிப் பேணியை வைத்து, தொலைபேசியை அதில் சாய்த்தேன். நான் வெள்ளை வேட்டியும் சேட்டும் போட்டிருந்தேன். சேட்டு மட்டும்தான் தெரியும் என்று மனைவி சொன்னாள். படத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றபடியால் அவள் குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

திரையில் நாலு கட்டங்கள். ஒன்றில் அதிகாரி, நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர், களைத்த முகம். ஒன்றில் வழக்கறிஞர். ஒன்றில் மொழிபெயர்க்கும் பிள்ளை. ஒன்றில் என் மகன். அவன் கோட்டுப் போட்டிருந்தான். அவனுடைய முன்மயிர் நன்றாக உதிர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வழக்கமாக அவன் கதைக்கும்போது தொப்பி போட்டிருப்பான்.

அதிகாரி கேட்டதை அந்தப் பிள்ளை தமிழில் சொன்னாள்.

"ஐயா, உங்கட மகன் வெளிக்கிடேக்க உங்களிட்டச் சொன்ன சொல் என்ன எண்டு கேக்கிறார்."

"போட்டு வாறன்."

"அதுக்குக் கருத்து என்ன?"

"கருத்தெண்டு இல்லைப் பிள்ளை. போகேக்க சொல்லிறது."

"சொல்லுக்குச் சொல் என்ன கருத்தெண்டு கேக்கிறார்."

"போய், பிறகு வாறன்."

"அப்ப திரும்பி வாறதைத்தான் சொல்லியிருக்கிறார்?"

"இல்லை. நாங்கள் போறன் எண்டு சொல்லிறேல்லை. சொன்னால் கூடாது. கடைக்குப் போறவனும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவான். கலியாணம் முடிச்சுக் கடல் கடந்து போற பெட்டையும் அதைத்தான் சொல்லுவாள்."

"எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் சொல்லுவியளோ?"

ஓம் என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் என்று கேட்டால் எனக்கு எல்லா இடத்தையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க ஏலாது.

"ஒரு இடத்தைத் தவிர. செத்தவீட்டில சொல்லிறேல்லை. அங்க இருந்து சொல்லாமல் எழும்பி வந்திடுவம்."

"ஏன்?"

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நான் எங்கே போய் விழுந்தேன் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஆனால் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அந்த மறுமொழி தெரியும்.

"திரும்ப அப்பிடியொரு காரியத்துக்கு அந்த வீட்டுக்கு வரக்கூடாது எண்டபடியால்."

அவள் மெதுவாக அதைச் சொன்னாள். அதிகாரி தலையை நிமிர்த்தினார். அவருடைய களைப்புப் போய்விட்டது. கருத்தில்லாத சொல் என்கிறீர்கள்; கருத்தில்லாவிட்டால் ஓரிடத்தில் மட்டும் ஏன் அதைத் தவிர்க்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மகன் கையால் நெற்றியைப் பிடித்தான். வழக்கறிஞர் எதையோ எழுதுவது போலக் குனிந்தா.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நான் ஆஸ்பத்திரியில வேலை செய்தனான். எங்களால ஏலாத நோயாளியளை யாழ்ப்பாணத்துக்கு ஏத்துவம். அதில சில பேர் பாலம் தாண்டமாட்டினம் எண்டு எங்களுக்கும் தெரியும், அவைக்கும் தெரியும். ஏத்தேக்க என்னைப் பாத்து, போட்டு வாறன் ஐயா எண்டு சொல்லுவினம். நானும் ஓம் எண்டு தலையாட்டுவன். அவை பொய் சொல்லேல்லை. திரும்பி வரப்போறம் எண்டும் சொல்லேல்லை. அந்தச் சொல் போறவர் தன்ர எண்ணத்தைச் சொல்லிறதில்லை. நிக்கிறவருக்காகச் சொல்லிறது. செத்தவீட்டில நிக்கிறவைக்கு அது ஆறுதல் இல்லை. அதுதான் அங்க சொல்லிறேல்லை."

அந்தப் பிள்ளை ஒருமுறை கண்ணை மூடித் திறந்துவிட்டுப் பெயர்த்தாள். அதிகாரி அவள் முடிக்கும்வரை கேட்டார். பிறகு கேட்ட கேள்வியை நான் எந்தக் கிணற்றடியிலும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நிண்டவர் நீங்கள்தானே, ஐயா. நீங்கள் என்ன நினைச்சனீங்கள்? மகன் திரும்பி வருவார் எண்டு எதிர்பாத்தனீங்களோ?"

மகன் திரையில் என்னைப் பார்த்தான்.

அவனுடைய சைக்கிள் பின்விறாந்தையில் நிற்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறேன். டயர் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. அதில் நானும் ஏறுவதில்லை, மனைவியும் ஏறப்போவதில்லை. இரவல் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை.

"இல்லை" என்றேன். "எதிர்பாக்கேல்லை. வரவேண்டாம் எண்டுதான் நினைச்சனான்."

அதிகாரி எழுதினார். எனக்கு நன்றி சொன்னார். நான் இனிப் போகலாம் என்றும் மிச்சம் மகனோடு என்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். நான் தொலைபேசியை நிறுத்தும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் தன்பாட்டில், "சரி ஐயா, போட்டு வாறன்" என்றாள்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தை அன்று அவர் பலமுறை கேட்டுவிட்டார். பேனையை நிறுத்தி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் பிறகு எனக்குச் சொன்னான்: நீங்களும் அந்த ஊருக்குப் போகப்போகிறீர்களா என்று கேட்டாராம். இல்லை, நான் இங்கே பிறந்தவள், அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, வாய் தவறி வந்துவிட்டது, மன்னியுங்கள் என்றாளாம். அதிகாரி சிரித்தாரா என்று கேட்டேன். சிரிக்கவில்லையாம். ஆனால் அதையும் எழுதினாராம்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அன்று அவள் சீனியைச் சரியாகப் போட்டிருந்தாள், என் நீரிழிவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.

"வடிவாச் சொன்னியள்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வரவேண்டாம் எண்டு நினைச்சது மெய்யோ?" என்று கேட்டாள்.

"அது அதிகாரிக்குச் சொன்னது."

"தம்பியும் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தவன்."

ஞாயிறுதோறும் கதைப்பவன் அந்த ஞாயிறு கதைக்கவில்லை. வேலை கூடுதல் என்று குறிப்பு அனுப்பினான். அடுத்த ஞாயிறு மருமகளும் பேத்தியும் மட்டும் கதைத்தார்கள். நான் தொலைபேசியில் ஒரு விளக்கம் எழுதத் தொடங்கி, அது நீண்டுகொண்டே போனபடியால் அழித்துவிட்டேன். மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

முடிவு வந்த அன்று அவன் வேலைத்தலத்தில் இருந்தே எடுத்தான். பின்னால் பாத்திரங்கள் விழும் சத்தம்.

"அம்மா, விசா கிடைச்சிட்டுது. மூண்டு பேருக்கும்."

மனைவி தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதனால் மேற்கொண்டு அவன் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. நான் பறித்து எடுத்தேன்.

"அப்பா, அந்த வசனத்தை நீக்கிப்போட்டாங்கள். ஆனா வக்கீல் சொல்லிறா, முடிவுக்குக் காரணம் அது இல்லையாம். பிள்ளையின்ர பள்ளிக்கூடம்தானாம். அது எப்பிடியும் கிடைச்சிருக்குமாம்."

அப்படியென்றால் நான் அந்த 'இல்லை'யைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். அதை நான் கேட்கவில்லை. அவன்தான் கேட்டான்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் சொன்னது..."

"விசர்க் கதை கதையாதை" என்றேன். "உன்ர சைக்கிளுக்குப் பின் டயர் போன கிழமைதான் மாத்தினனான்."

"ஓமப்பா" என்றான்.

மனைவி திரும்பவும் தொலைபேசியை வாங்கினாள். அவளுக்கு ஒரே கேள்விதான். "அப்ப எப்ப வாறாய்?"

அவன் கதவைத் திறந்து வெளியே போனான், பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கவில்லை.

"எல்லா இடமும் போகலாம் அம்மா. ஊருக்கு மட்டும் வரேலாது. இது அகதிக்குத் தாற விசா. வந்தால், அங்க உனக்குப் பயமில்லை எண்டு சொல்லி விசாவைப் பறிச்சுப்போடுவாங்கள்."

"வேற இடத்துக்குப் போய் என்ன செய்ய? வேற இடத்தில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"நீங்கள் இருப்பியள். திருச்சிக்கு வாங்கோ. பிள்ளைக்குப் பள்ளிக்கூட விடுமுறை விட்டவுடன நாங்களும் வாறம். ஒரு வீடு எடுத்து எல்லாரும் இருப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். இந்த வீட்டின் வேலிக்கு உள்ளே அவன் நடந்து வருவதைத்தான் அவள் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த நடையில் திருச்சி இல்லை. ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க நல்ல முருங்கைக்காய் கிடைக்குமோ?" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் பாஸ்போட் எடுத்தோம். பலாலியில் இருந்தே விமானம் என்றார்கள். பிறகு இந்திய விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்கும் ஒரு கடைக்குப் போனோம். காத்திருப்பவர்கள் இருபத்திரண்டு பேர். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கலியாணத்துக்குப் போகும் ஒரு மாப்பிள்ளையையும் கழித்தால் மிச்சம் எல்லோரும் எங்கள் வயதுக்காரர், பெரும்பாலும் சோடி சோடியாக. எங்கள் முறை வந்ததும் கணனிக்கு முன்னால் இருந்த பெண் கேட்டாள்.

"என்னத்துக்குப் போறியள், ஐயா?"

"மகனைப் பாக்க."

"மகன் இந்தியாவிலயோ இருக்கிறார்?"

"இல்லை."

"அப்ப?"

நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவள் முழுவதும் கேட்காமல் தலையாட்டினாள். "அப்பிடிப் போட்டால் நூறு கேள்வி கேப்பினம். கோயில் எண்டு போடுவம். எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓர் அதிகாரிக்கு உண்மை போல ஒன்றைச் சொல்லிவிட்டு நான் பட்டது போதும். "இல்லைப் பிள்ளை, நாங்கள் போற காரணம்..." என்று இழுத்தேன்.

"போடும் பிள்ளை" என்றாள் மனைவி. "கோயிலுக்கும் போவம்தானே."

அவள் போட்டாள். படம் எடுக்கக் கூப்பிடும்வரை இருக்கும்படி சொன்னாள். பக்கத்துக் கதிரையில் என் வயதுடைய ஒருவர், மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தார். ஊர்காவற்றுறைப் பக்கம் என்று கதையில் தெரிந்தது. அவருடைய கையில் இருந்த தாளிலும் தலயாத்திரை என்றே போட்டிருந்தது. பேசாமல் இருக்க ஏலாமல், "எந்தக் கோயிலுக்கு, அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இளைய மகளிட்ட" என்றார்.